ஒயிலில் உப்பு

யூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சேட்டு சிவப்பாகிவிட்டது.

காருக்கு ஒயில் மாற்றம், என் கையாலேயே. யோகனின் கராஜுக்குப் போனால் வேலை கொஞ்ச நேரம், கதை அரை நாள்.

20ஆம் திகதி மலைநாட்டுப் பயணம். அதற்குள் செய்ய வேண்டியவை: பின் ரயர் இரண்டு. பிரேக் பார்க்க வேண்டும். ஹோர்ன் சில வேளை அடிக்கிறது, சில வேளை யோசிக்கிறது. பின் சீற்று மெத்தைக்குப் புது உறை (சரசு தைப்பாள்).

மெத்தை இல்லாமல் சரசுவுக்குத் தூரப் பயணம் இல்லை. இடுப்பில் ஷெல் துண்டு, எலும்போடு ஒட்டியபடி. டொக்டர்மார் தொடப் பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். கன நேரம் இருக்க ஏலாது, படுக்க வேண்டும். போன வருடம் பிடிவாதமாக வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய் வந்து ஒரு கிழமை எழும்பவில்லை என் மனிசி.

காரை நம்ப முடியவில்லை. பழைய டீசல். எவ்வளவு ஓடியது என்று கடவுளுக்கும் தெரியாது. மீற்றர் ஒருமுறை முழுக்கச் சுற்றி முடித்து, மறுபடி பாதி வழியில் நிற்கிறது. முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர ராசா. மலைநாட்டுக் கினிகத்தேனை ஏற்றத்தில், மழையில், பின்னால் சரசு படுத்திருக்க நின்றுவிட்டால்? ரேடியேற்றரில் வேறு கிழமைக்கு ஒரு கோப்பை தண்ணீர் குறைகிறது. எங்கே போகிறதென்று தெரியவில்லை.

அதனால் ஒரு யோசனை. நிமலன் கொழும்பில், இயந்திர ஒயில் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்த காலத்து மாணவன். குடுவை உடைத்து என்னிடம் ஏச்சு வாங்கியவன். போன் செய்தேன். "பாவிச்ச ஒயில்ல கொஞ்சம் அனுப்புங்கோ அண்ணை. உள்ளுக்க என்ன தேயுது, தண்ணி போகுதோ, தூசு போகுதோ, எல்லாம் பாத்துச் சொல்லுறன். எஞ்சின் சூடா இருக்கேக்க கழட்டுங்கோ. முதல் வாறதும் வேண்டாம், கடைசியும் வேண்டாம், நடுவில பிடியுங்கோ."

அப்படியே செய்தேன். காருக்குக் கீழே படுத்தபடி, "சரசு, சுத்தமான போத்தல் ஒண்டு தா" என்று கத்தினேன். மருந்துப் போத்தல் ஒன்று பளபளவென்று வந்தது. நடு ஒயிலைப் பிடித்து மூடினேன். கை சுட்டது. மிச்சத்தை அடுத்த வீட்டுச் சின்னத்தம்பி அண்ணை கானோடு வாங்கிப் போனார், வேலிக் கட்டைகளில் கறையானாம். இந்த ஊரில் பழைய ஒயிலுக்கு இருக்கிற மதிப்பு புது ஒயிலுக்கு இல்லை.

யூலை 9, புதன்

போத்தல் கொழும்பு பஸ்ஸில் போயிற்று. கொண்டக்டர் தெரிந்த ஆள். தூக்கிப் பார்த்து, "என்ன அண்ணை, கசிப்போ?" என்றார். குடித்துப் பாரும் என்றேன்.

பின்னேரம் பாக்கியம் அக்காவின் போன். சரசுவின் தமக்கை. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மகன் ரமேசோடு இருக்கிறா. போன மாதம் பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவா. அக்காவோடு கதைக்கும்போது மட்டும் சரசுவின் தமிழ் மாறிவிடும். "வந்துர்றேன்க்கா. இருவதாந் தேதி வெள்ளன ஏறிருவோம். சும்மா அழுவாத." என்னோடு கதைக்கும்போது அந்தத் தமிழ் வராது. கலியாணம் முடித்த புதிதில் என் வீட்டார் சிரித்த சிரிப்பில் மூடி வைத்தவள். என் ஆட்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல்.

இந்தப் பயணம் ஏன் என்பதையும் எழுதி வைக்கிறேன். எழுபத்தேழு கலவரத்தில் அவர்களுடைய தோட்டத்து லயத்து வீடு எரிந்தபோது சரசுவுக்கு ஆறு வயது. சித்தப்பா குடும்பம் வன்னிக்கு வந்தது. இவளை மட்டும் அவர்களோடு அனுப்பிவிட்டார்கள். தாயும் அக்காவும் அங்கேயே. ஏன் இவளை மட்டும்? தாயைக் கேட்க முடியவில்லை, சண்டையில் மூடிய பாதை திறக்கும் முன்பே தாய் போய்விட்டா. சண்டை முடிந்த பிறகு இரண்டு தரம் போய் அக்காவைக் கேட்டாள். இரண்டு தரமும் அக்கா பேச்சை மாற்றினா. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு தானாகவே சொன்னா: "நேர்ல வா புள்ள. அம்மா ஒன்கிட்ட சொல்லச் சொன்னது ஒன்னு இருக்கு. போன்ல சொல்ற விசயமில்ல."

அன்றிலிருந்து சரசுவுக்கு நித்திரை சரியில்லை. வெளியே காட்டமாட்டாள். மெத்தை உறையை இரண்டு தரம் பிரித்துத் தைத்தாகிவிட்டது.

யூலை 11, வெள்ளி

கரண்ட் இல்லை, காலை முழுக்க. கோயிலுக்குப் போகவில்லை. ரயர் வந்தது, ஒன்று மட்டும்.

மத்தியானம் வெங்காயம் உரித்தபடி சரசு கேட்டாள்: "நான் அம்மா பெத்த பிள்ளைதானோ எண்டு சில நேரம் யோசிப்பன். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

அக்காவின் மூக்கும் உன் மூக்கும் ஒன்று என்றேன். மூக்கைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்குள் இப்படியொரு கேள்வி இருந்திருக்கிறது. எனக்கு இன்றுதான் தெரியும்.

யூலை 14, திங்கள்

நிமலனின் பதில் வந்தது. போனில், படம் படமாக. கண்ணாடி போட்டும் விளங்கவில்லை. பிறகு அவனே எடுத்துச் சொன்னான்.

இரும்பு: கொஞ்சம் கூட. கார் வயதுக்குப் பரவாயில்லை.
செம்பு, ஈயம்: பயமில்லை.
மண் தூசு: கூட. (கச்சான் காற்றில் வேறென்ன வரும்.) எயார் பில்டர் மாற்ற வேண்டும்.
தண்ணீர்: இருக்கிறது.
உப்பு: நன்றாகவே இருக்கிறது.

"ரேடியேற்றருக்கு என்ன தண்ணி விடுறனீங்கள் அண்ணை?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான்."

"சவரோ?"

"தேத்தண்ணி வைச்சா வாயில வைக்கேலாது."

"அப்ப அதுதான். ரேடியேற்றர் தண்ணி ஒயிலுக்க போகுது. ரெண்டையும் பிரிச்சு வைக்கிற ஹெட் கஸ்கட் போயிருக்கும், இல்லாட்டி ஹெட் வெடிச்சிருக்கும். இன்னொருக்கா ஒயில் எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம் அண்ணை. ஆனா இப்பிடியே மலை ஏறச் சொன்னா நான் ஏறமாட்டன்."

இன்னொருக்கா என்றால் இன்னொரு கிழமை. 20ஆம் திகதி போய்விடும். எங்கள் கிணற்று உப்பு எஞ்சினுக்குள்! குறைகிற தண்ணீருக்கும் விடை கிடைத்துவிட்டது. பயத்தோடு ஒரு சந்தோசமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நான் சந்தேகப்பட்டது சரி.

சரசுவிடம் சொன்னேன். "அப்ப போகேலாதோ?" என்று மட்டும் கேட்டாள். போகலாம், அதற்குள் செய்து முடித்துவிடலாம் என்றேன்.

யூலை 15, செவ்வாய்

கார் யோகனின் கராஜில், பரந்தன். யோகன் ஒயில் தடியை இழுத்துப் பார்த்தான், மணந்தான். "ஒண்டும் தெரியேல்லை அண்ணை. நீங்கள் புது ஒயில் விட்டிட்டீங்கள்தானே. கொழும்பில மெசினில பாத்துச் சொன்னவையெண்டால் சரியாத்தான் இருக்கும்." கொஞ்ச நேரத்துக்குப் பிறகு: "எனக்கும் அந்தக் கஸ்கட்டில ஒரு சந்தேகம் இருந்தது." முந்தியே இருந்ததாம். முந்திச் சொல்லவில்லை.

மூன்று நாளில் தருகிறானாம். மெக்கானிக்மாரின் மூன்று நாள் எனக்குத் தெரியும். இருந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

யூலை 17, வியாழன்

ஹெட் கழற்றியாயிற்று. கஸ்கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு. நல்லதோ பழுதோ எனக்குத் தெரியவில்லை, யோகனும் நிச்சயமாகச் சொல்லவில்லை. வெடிப்புப் பார்க்க ஹெட்டை வவுனியாவுக்கு லேத்துக்கு அனுப்பினான். கொழும்பிலிருந்து வந்த புதுக் கஸ்கட் வேறு மொடலுக்கு. திருப்பி அனுப்பினான்.

கார் பொனற் திறந்தபடி, பல்லுக் கழற்றிய வாய் போல. பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்து பிளேன்ரீ குடித்தேன்.

யூலை 20, ஞாயிறு

போக வேண்டிய நாள். போகவில்லை.

சரசு விடியவே எழும்பி முழுகிப் புட்டு அவித்தாள், வழிச்சாப்பாட்டுக்குக் கட்டுகிற அளவு. பழக்கத்தில் மறந்துபோனாளாம். மறக்கிற ஆள் இல்லை அவள்.

அக்காவுக்குப் போன் எடுத்தாள். "இன்னும் நாலஞ்சு நாளு ஆவும்க்கா. வண்டிய பிரிச்சுப் போட்டிருக்காங்க." அந்தப் பக்கம் என்ன பதிலோ, சிரித்தாள். பிறகு என்னிடம்: "அக்கா சொல்லுறா, இவ்வளவு வருசம் பொறுத்தவளுக்கு அஞ்சு நாள் பெரிசோ எண்டு."

மத்தியானம் கேட்டாள்: "ஆரின்ரையும் வான் பிடிச்சுப் போவமோ?"

எனக்குக் கோபம் வந்தது. சொந்தக் காரை வைத்துக்கொண்டு ஊரார் வானில் ஏன்? யாரோ ஒரு டிரைவர், குலுக்கிக் குலுக்கி ஓட்டுவான். உன்னைப் படுக்க விடுவானோ? இன்னும் நாலு நாள்தானே, பொறு என்றேன், கொஞ்சம் உரக்க. அவள் மறுபடி கேட்கவில்லை.

யூலை 22, செவ்வாய்

லேத்தில் வேலை குவிந்து கிடக்கிறதாம். அறுவடை வரப்போகிறது, உழவு மெசின்காரர் எல்லாரும் அங்கேதான். "உங்கட ஹெட் வரிசையில நிக்குது அண்ணை" என்றான் யோகன், ஹெட்டுக்குக் கால் இருக்கிறது போல.

சின்னத்தம்பி அண்ணை வேலிக் கட்டைகளுக்கு ஒயில் பூசுகிறார். தெரு முழுக்க அந்த மணம். கஸ்கட் வந்தது, சரியான மொடல். ஹெட் இல்லை.

யூலை 23, புதன்

காலையில் ரமேசின் போன். அக்காவுக்குப் பக்கவாதம். குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவா அப்படியே சரிந்துவிட்டா. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உயிருக்குப் பயமில்லையாம். "ஆனா அம்மாவுக்கு பேச்சு வரல சித்தப்பா."

சரசு குசினியில் நின்றாள். நான் சொல்லும் முன்பே என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த அகப்பையைக் கழுவி, துடைத்து, கொழுவிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். கேட்டாள். "வான் பிடியுங்கோ" என்றாள்.

யோகனின் மச்சானுடைய வான், ஓட்டியதும் அவர்தான். தேத்தண்ணி ஆறும் முன்பே வாசலில் வந்து நின்றது. நடுச் சீற்றைக் கழற்றி மெத்தையை நீட்டாகப் போட்டார், காரில் இருப்பதைவிடத் தாராளமாக. நிதானமான மனிசன், பள்ளம் கண்டால் மெதுவாக இறக்கினார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரையும் போல இறங்கிக் கற்பூரம் கொளுத்தினோம். சரசு இறங்கவில்லை. "கெதியா வாங்கோ" என்றாள்.

கினிகத்தேனையில் மழை. வான் சிரமமில்லாமல் ஏறியது. ஏற்றம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. இதை ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கலாம். அவள் கேட்டாள்.

யூலை 24, வியாழன். ரமேஸ் வீடு

குளிர். மழை விடவில்லை. சுவரெல்லாம் ஈரம்.

ஆஸ்பத்திரியில் அக்கா. வலது பக்கம் விழுந்துவிட்டது. கண் மட்டும் தெளிவு, அதுதான் பார்க்க முடியவில்லை. சரசுவைக் கண்டதும் இடது கையால் இவளுடைய மணிக்கட்டைப் பிடித்தா. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வெளிக்கிட்டா. "ஆ... ஆ..." அவ்வளவுதான். மறுபடியும். கழுத்து நரம்பு புடைக்க, மறுபடியும். அதைத்தான் சொல்லப் பார்க்கிறா என்று எனக்குத் தெரிந்தது. சரசுவுக்கும்.

"சரிக்கா. சரிக்கா. ஒன்னும் சொல்ல வேணாம்" என்று அக்காவின் வாயைத் தன் கையால் மெல்லப் பொத்தினாள்.

எழுதிக் காட்டுவாவோ என்று ரமேசைத் தனியே கேட்டேன். "அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது சித்தப்பா." கேட்டிருக்கக் கூடாது. அந்த விசயம் என்னவென்று அவனுக்கும் தெரியாது. தாய் யாரிடமும் சொன்னதில்லையாம்.

யூலை 25, வெள்ளி

சரசு அக்காவுக்குத் தலை இழுத்துப் பின்னினாள். கஞ்சி பருக்கினாள், பாதி வழிந்தது. நான் யன்னலடியில் பேப்பர் வாசிக்கிற மாதிரி.

பிறகு அக்காவின் கையைத் தன் கைக்குள் வைத்துக் குனிந்து கேட்டாள்: "ஆமான்னா அமுக்குக்கா. நான் அம்மா பெத்த புள்ளதானே?"

அக்கா அமுக்கினா. சரசுவின் முகம் மலர்ந்தது. பிறகு ஏன் கேட்டாளோ, கேட்டாள்: "இல்லியாக்கா?"

அதற்கும் அமுக்கினா.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கையை விடவும் இல்லை. நான் வெளியே போய்ப் படியில் நின்றேன். அழுகை வந்தது, மழை நல்லதாய்ப் போயிற்று.

டொக்டர் சொன்னது: பேச்சு வரலாம், வராமலும் விடலாம். இப்போது சொல்வதெல்லாம் அவவுக்கு முழுக்க விளங்குகிறதென்றும் சொல்ல முடியாது.

யூலை 26, சனி

வீடு. இன்னும் கொஞ்ச நாள் நிற்க விரும்பினாள், இடுப்பு விடவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு இரவும் கட்டிலடி வாங்கில் இருந்தபடி. வானில் முழு வழியும் முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். மாங்குளம் தாண்டித்தான் வாய் திறந்தாள்: "கோழியளுக்கு ஆர் தீன் போட்டது?" சின்னத்தம்பி அண்ணை என்றேன்.

யூலை 28, திங்கள்

யோகன் போன் எடுத்தான். குரல் சரியில்லை. ஹெட்டைப் பரிசோதித்துவிட்டார்கள். வெடிப்பு இல்லை. வளைவு இல்லை. பழைய கஸ்கட்டும் நல்லம். "ரேடியேற்றர் ரியூப்பின்ர கிளிப் லூஸ் அண்ணை. தண்ணி சொட்டுச் சொட்டா வெளியாலதான் போயிருக்கு. இப்பதான் கண்டனான்."

அப்படியானால் ஒயிலுக்குள் தண்ணீர் எப்படி? நிமலனைக் கேட்டேன். "மிச்ச ஒயில் இருக்கோ அண்ணை? ஒரு தகரத்தைச் சூடாக்கி ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கோ. தண்ணி இருந்தாப் பொரியும்."

சின்னத்தம்பி அண்ணையிடம் கானின் அடியில் கொஞ்சம் மிச்சம். "திருப்பிக் கேக்கிற சாமானோ இது?" என்று சிரித்தபடி தந்தார். வெளி அடுப்பில் பிஸ்கட் ரின் மூடியை வைத்து இரண்டு சொட்டு விட்டேன். புகைந்தது. பொரியவில்லை. மறுபடி விட்டேன். பொரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு விட்டேன். படபடவென்று தெறித்துக் கையைச் சுட்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டு நிமலனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "போத்தல் என்ன போத்தல் அண்ணை?"

பின்னால் நின்ற சரசுதான் பதில் சொன்னாள். "இருமல் மருந்துப் போத்தல். கொழும்புக்குப் போற சாமானை ஊத்தையோட குடுக்கலாமே? சோப்புப் போட்டு நல்லா உரஞ்சிக் கழுவி, தூசு போகாம உடனயே மூடி வைச்சனான்."

நான் அடுப்பை அணைத்தேன். நிமலன் பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

யூலை 29, செவ்வாய்

காற்று குறையவில்லை.

முதலில் அவள் மேல் கோபம் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. போத்தலைக் கழுவுவது குற்றமோ? வேலைக்காலம் முழுக்க ஆய்வுகூடத்தில் நான் கத்தினது என்ன? கழுவு, வடித்த தண்ணீரால் அலசு, கவிழ்த்து வை, காய்ந்த பிறகு தொடு. சுத்தமான போத்தல் தா என்றேன், காய்ந்த போத்தல் என்று சொல்லவில்லை. ஒயிலைப் பிடிக்கும் முன் உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. கறுப்பு ஒயிலுக்குள் போன பிறகு ஈரத்தை ஆர் காண்பது? இன்னொருக்காப் பார்க்கலாம் என்று நிமலன் சொன்னதைக் கேட்காதவனும் நான். வான் வேண்டாம் என்றவனும் நான். எந்தப் பக்கத்தால் சுற்றினாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

சொல்வதா, விடுவதா? சொன்னால், தன் கையால்தான் கெட்டது என்று நினைப்பாள். எத்தனை தரம் இல்லையென்றாலும் நினைப்பாள். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் அக்காவும் இருந்தா.

யூலை 30, புதன்

அக்காவை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்களாம். பேச்சில் மாற்றமில்லை. பின்னேரம் ரமேஸ் போனை அக்காவின் காதில் வைத்தான். சரசு கோழிக் கதை, காற்றுக் கதை எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

சொல்லவில்லை.

யூலை 31, வியாழன்

கார் வந்தது. புதுக் கஸ்கட், புதுக் கிளிப். நன்றாக ஓடுகிறது. முன்பும் நன்றாகத்தான் ஓடியது.

மத்தியானம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போத்தலின் ஈரம், கிணற்று உப்பு, நான் பார்க்காமல் விட்டது, வான் வேண்டாமென்று கத்தினது. ஒன்றும் விடவில்லை. பிழை என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"அப்ப கார் அண்டைக்கே ஓடியிருக்கும்?"

"ஓம்."

"இருபதாந் திகதி."

"ஓம்."

சுளகை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். கிணற்றடியில் கன நேரம் நின்றாள். பின்னால் போக எனக்குப் பயம்.

பின்னேரம் ரமேசுக்குப் போன் எடுத்து, அக்காவின் காதில் வைக்கச் சொன்னாள். என் முன்னாலேயே இருந்து, அந்தத் தமிழில் தொடங்கினாள். "அக்கா, கேளு. வண்டியில ஒரு பழுதும் இல்லியாம். நாந்தான் கெடுத்தேன். ஒரு போத்தல கழுவிக் குடுத்து..." முழுக்கச் சொன்னாள். என் பிழை ஒன்றும் அதில் வரவில்லை. வான் கதையும் வரவில்லை. நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோப்புப் போட்டுல்ல கழுவினேன்க்கா, கொழும்புக்குப் போவுதேன்னு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். எனக்கும் கேட்டது.

ரமேசின் குரல்: "சித்தி, அம்மா சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு தெரியல. போன எடுத்துறவா?"

"எடுக்காத" என்றாள் சரசு. "எதுவா இருந்தாலும் நான் கேட்டுக்கிட்டிருக்கேன். அப்பிடியே வை."

ரீலோட் காசு முடிந்து தானாக வெட்டுப்படும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.